நீர்க்காகம் எண்ணும் அக்கா

“போரானுக்கு அப்புறம் என்ன?”

கத்தரி தபால்காரரின் இடது காதுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. கழுத்துவரை துணி போர்த்தி நாற்காலியில் புதைந்திருந்த மனிதர் கண்ணை மட்டும் மெதுவாக உருட்டிக் கத்தரியைப் பார்த்தார். ஹைட்ரஜன், ஹீலியம் என்று தனிமத்துக்கு ஒரு வெட்டாக மளமளவென்று போய்க்கொண்டிருந்த கை அது. போரானில் வந்து மாட்டிக்கொண்டது.

“கார்பன், அக்கா. காதைப் பாத்து.”

“அட, ஆமா! கரி! தெரிஞ்சதுதானே!” என்று அக்கா சீப்பால் தன் நெற்றியிலேயே ஒரு தட்டு தட்டிக்கொண்டார். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் என்று கத்தரி மறுபடி கிளம்பியது. தபால்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் அடுத்த மாதமும் அவர் இங்கேதான் வருவார். இதைவிட நன்றாக முடி வெட்டுகிறவர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

தெருக்கோடியில் இருக்கும் அந்தச் சலூனில் நாற்காலிகள் இரண்டு. ஒன்றில் வாடிக்கையாளர் உட்காருவார். மற்றதில் உயிரியல், வேதியியல், கணக்குப் புத்தகங்கள் உட்கார்ந்திருக்கும். ஆண், பெண், குழந்தை யார் வந்தாலும் வெட்டுவது இந்த ஒரு கைதான். அக்காவுக்கு வயது நாற்பத்தைந்து. குட்டை உருவம். சட்டைக்கை எப்போதும் முழங்கைக்கு மேலே சுருண்டிருக்கும். தன்னைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலில் கொஞ்சம் முறைத்துப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார்.

அக்கா பேசுவார். பேசுவார் என்று சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. முடி உலர்த்தும் மிஷின் இரைச்சலுக்கு மேலே இருபத்தைந்து வருடம் பேசிப் பழகிய குரல். மிஷினை நிறுத்திய பிறகும் அது இறங்குவதில்லை. கடைக்குள் அவர் ரகசியம் சொன்னால் எதிர்ச் சாரியில் இருக்கும் மருந்துக்கடைக்காரர் பதில் சொல்லுவார். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவர் வாயைத் திறப்பதே பெரும்பாலும் கொட்டாவிக்குத்தான். மனைவிக்கு அவர் வைத்திருக்கும் செல்லப் பெயர் ‘ரேடியோ’. “வீட்ல ரேடியோ ஓடிட்டு இருக்கறப்ப நான் வேற எதுக்குங்க பேசணும்?” என்பார். அவர் ஒரே மூச்சில் பேசும் நீளமான வாக்கியம் இதுதான்.

தலையில் பேருக்கு ஒரு முடி இல்லாத ஒருவரும் தினமும் அந்தக் கடைக்கு வருவார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். பேப்பர் படிக்க என்று வந்து, அக்காவின் பேச்சைக் கேட்டுவிட்டு, பேப்பரைப் பிரிக்காமலே திரும்பிப் போவார். வேதியியல் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கும் வேலையை அவர்தான் எடுத்துக்கொண்டார். விடை சரியா தப்பா என்று அவருக்குத் தெரியாது. அக்கா சொன்னதும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, “அட, அப்படித்தான் போட்டிருக்கு!” என்று ஒவ்வொரு தடவையும் அசந்து போவார்.

எல்லாம் ஒரு நீர்க்காகத்தால் வந்த வினை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், அக்கா பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மாவிடம் பேசிக்கொண்டே போனதில் இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டார். பஸ் கடைசியாக நிற்கும் நீர்த்தேக்கத்தில் போய் இறங்கினார். தண்ணீரில் நட்டிருந்த ஒரு கம்பத்தின் மேல் கன்னங்கரேல் என்று ஒரு பறவை, இரண்டு சிறகையும் விரித்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. தலைக்கு மை போட்டுவிட்டுக் காயட்டும் என்று உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர் மாதிரியே அக்காவுக்குப் பட்டது. அடுத்த பஸ் வந்து போனது. அதற்கடுத்ததும் போனது. பறவையும் நகரவில்லை, அக்காவும் நகரவில்லை.

“அது ஏங்க அப்படி நிக்குது?” என்று டீக்கடைக்காரரைக் கேட்டார்.

“அது அப்படித்தாங்க நிக்கும்.”

டிரைவரைக் கேட்டார், காவல்காரரைக் கேட்டார். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அக்காவுக்கு வந்ததே கோபம்! “அப்படித்தான் நிக்கும்னா அது ஒரு பதிலா? உங்க தலை ஏன் நரைச்சுதுன்னு கேட்டா, அது அப்படித்தான் நரைக்கும்னு நான் சொல்லி அனுப்பிச்சா சும்மா இருப்பீங்களா?” என்று மறுநாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்டார். அப்புறம் தானே தேடிப் படித்தார். நீர்க்காகத்தின் இறகு தண்ணீரில் ஊறும். ஊறுவதால்தான் அது மிதக்காமல் ஆழம்வரை முங்கி மீன் பிடிக்கிறது. பிடித்து முடித்ததும் வெளியே வந்து சிறகைக் காயப்போட வேண்டியிருக்கிறது. இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்ததும் பத்துக் கேள்வி முளைத்தது. கடல் மீன் ஏன் தண்ணீர் குடிக்கிறது, ஏரி மீன் ஏன் குடிப்பதில்லை என்று ஒரு வாரம் ஓடியது. “கடல் மீனுக்கு உடம்புல இருக்கற தண்ணி வெளிய போயிட்டே இருக்கும். அதான் குடிச்சுக்கிட்டே இருக்கு.” “எங்க மருமகன் மாதிரின்னு சொல்லுங்க,” என்றார் மேனேஜர்.

அப்படியே ஒரு நாள் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டார். வனவிலங்கும் மீன்வளமும் சேர்த்து ஒரு பட்டப்படிப்பு அங்கே இருப்பது தெரிந்திருந்தது. பள்ளியில் தான் படித்தது வணிகவியல் என்றும், கணக்குப்பதிவியலில் நல்ல மார்க் என்றும், அதை எடுத்துக்கொள்வார்களா என்றும் கேட்டார்.

“மீனுக்கு எதுக்குங்க கணக்குப்பதிவு?” என்றது மறுமுனை.

“சரி, நியாயம்தான். அப்ப எதெல்லாம் வேணும், சொல்லுங்க.”

அந்த அலுவலர் பொறுமைசாலி. சேர்க்கை விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். உயிரியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் பள்ளி இறுதித் தேர்வு தேறியிருக்க வேண்டும். நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். களத்தில் வேலை பார்த்த அனுபவம் வேண்டும். கூட இருந்து பார்த்த ஆய்வாளர் ஒருவர் ‘இவர் களத்துக்கு ஆவார்’ என்று தன் வாயால் சொல்ல வேண்டும். கடைசியாக, வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கக் கூடாது. அக்கா விரல் விட்டுப் பார்த்தார். கையில் இருப்பது இரண்டே வருடம்.

அன்றைக்கே கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் விதிகள் ஒப்பிக்கப்பட்டன. வனவிலங்கு, மீன்வளப் படிப்பில் சேர என்ன தகுதி வேண்டும் என்பது மனப்பாடமாகத் தெரிந்த தபால்காரரும் மருந்துக்கடைக்காரரும் உலகத்தில் வேறெங்கும் இருக்க மாட்டார்கள். வேறு ஊரில் கல்லூரியில் படிக்கும் மகள் போனில் சிரித்தாள். “அம்மா, நான் படிச்சு முடிக்கறப்ப நீங்க முதல் வருஷமா? எங்க காலேஜுக்கு மட்டும் வந்துடாதீங்க, உங்க சத்தம் ஹாஸ்டல் வரைக்கும் கேக்கும்.” மறுநாள் லிஃப்ட் மெக்கானிக் இரண்டாவது நாற்காலிக்கு மேலே ஒரு படிக்கும் விளக்கை மாட்டிவிட்டுப் போனார்.

மாலை வகுப்பில் பதினேழு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தார். உயிரியல் தேறியது. கணிதம் முக்கி முனகித் தேறியது. வேதியியல் கவிழ்த்துவிட்டது. வேறொருவராக இருந்தால் மூச்சு விட்டிருக்க மாட்டார். அக்கா கடை வாசலிலேயே நின்று, “ஃபெயிலுங்க! நல்லா ஃபெயிலு!” என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அறிவித்தார். மறைத்து வைத்தால் மறந்துபோகும், எல்லோருக்கும் தெரிந்தால்தான் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள் என்பது அவர் கணக்கு. கேட்டார்கள். தனிமத்துக்கு ஒரு வெட்டு என்ற ஏற்பாடு அப்போதுதான் வந்தது. இரண்டாம் முறை தேறினார். நடுவிலே நீச்சல் குளத்தில், மிதவைப் பலகையைக் கட்டிக்கொண்ட வாண்டுகளின் வகுப்பில் சேர்ந்து, அவர்களோடு வரிசையில் நின்று, அவர்களோடு திட்டு வாங்கி, நீச்சலும் கற்றுக்கொண்டார். இந்தப் பெண்மணியின் மனத்திடத்தில் கால்வாசி இருந்தால் நம்மில் பலர் எங்கேயோ போயிருப்போம்.

மிச்சம் இருந்தது களம். நீர்த்தேக்கத்தைச் சுற்றி மீன் வளர்க்கிறவர்களுக்கும் நீர்க்காகங்களுக்கும் தீராத வழக்கு. பறவைகள் மீனையெல்லாம் காலி பண்ணிவிடுகின்றன, அவை அடையும் பட்டமரங்களை வெட்டித்தள்ள வேண்டும் என்பது மீன்காரர்களின் கட்சி. உண்மையில் எத்தனை பறவை இருக்கிறது, எவ்வளவு தின்கிறது என்று கணக்கெடுக்க ஓர் ஆய்வாளரைப் போட்டிருந்தார்கள். முப்பது வயதுப் பெண். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். அக்கா அவரிடம் போய்ச் சேர்ந்தார். வலை தூக்கினார், சேற்றில் இறங்கினார், பறவைகள் கக்கிப்போட்ட மீன்முள்ளைப் பொறுக்கி வகை பிரித்தார். கை அவ்வளவு சுத்தம், ஒரு முள் ஒடியாது. ஆய்வாளர் உள்ளுக்குள் வியந்துதான் போனார். ஆனால் முக்கியமான வேலை அதுவல்ல. பொழுது சாயும்போது பலகை அடித்த மறைவுக் குடிலுக்குள் உட்கார்ந்து, அடைய வரும் பறவைகளை மூச்சுக் காட்டாமல் எண்ண வேண்டும். ஒரு சத்தம் கேட்டாலும் மொத்தக் கூட்டமும் எழும்பிக் கலைந்துவிடும். அப்புறம் எண்ணவே முடியாது.

முதல் தடவை அக்கா நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார். வரிசை வரிசையாகப் பறவைகள் வந்து மரத்தில் இறங்கின. அப்போது ஒன்று, குடிலின் இடுக்குக்கு நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்துக் கம்பத்தில் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் நனைந்த தலையை இப்படியும் அப்படியும் உதறியது. அக்காவின் வாய் தானாகத் திறந்தது. இருபத்தைந்து வருடப் பழக்கம். கடைக்குரல்.

“தலையை ஆட்டாதீங்க!”

கம்பத்துப் பறவை போயிற்று. மரத்துப் பறவைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பின. வானமே கறுத்து, சுழன்று, அக்கரைப் பக்கம் போய் மறைந்தது. ஆய்வாளர் கையிலிருந்த எண்ணும் கருவியை மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். பொத்தி என்ன பிரயோசனம்?

குடிலை விட்டு வெளியே வந்த பிறகுதான் ஆய்வாளர் பேசினார். “அக்கா, உங்களை மாதிரி உழைக்கறவங்களை நான் பாத்ததில்ல. ஆனா உங்களைக் களத்துக்கு ஆவார்னு என்னால சொல்ல முடியாது. சொன்னா அது பொய்.”

அக்கா கெஞ்சவில்லை. இந்த வருடம் விட்டால் வயது தாண்டிவிடும். அதையும் அவர் சொல்லவில்லை. “சரிதான்மா. நான் கெடுத்த கணக்கை எப்ப மறுபடி எடுக்கணும்?” என்று மட்டும் கேட்டார்.

“வர்ற சனிக்கிழமை.”

“நானும் வரட்டுமா?”

“பேசாம உங்களால இருக்க முடியுமா, அக்கா?”

“தெரியலைம்மா. ஒரு வாரம் இருக்குல்ல. பழகிப் பாக்கறேன்.”

ஆய்வாளர் எண்ணும் கருவியைப் பைக்குள் போட்டார். “வாங்க. ஆனா ஒரு சத்தம் வந்தாலும் அதோட முடிஞ்சது. சனிக்கிழமைக்கு அடுத்து வர்ற திங்கட்கிழமை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். அதுக்கப்புறம் நானே நினைச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது.”

மறுநாள் கடை திறந்தது. கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. தபால்காரர் முகச்சவரத்துக்கு வந்து உட்கார்ந்து, இரண்டு நிமிஷத்துக்கு மேல் தாங்க மாட்டாமல், “நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனா, அக்கா?” என்று கேட்டார். அக்கா இல்லையென்று தலையை ஆட்டினார். மருந்துக்கடைக்காரர் தெருவைக் கடந்து வந்து எட்டிப் பார்த்து, தொண்டைக்கு ஒரு மாத்திரை நீட்டினார். மேனேஜருக்குத்தான் அடி பலம். அவர் பேப்பரைப் பிரித்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உண்மையாகவே படித்து முடித்தார். படித்துவிட்டு நேரே வெளியே போய் லிஃப்ட் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். “தம்பி, தப்பா நினைக்காதீங்க. வீட்ல ஏதும் சண்டையா?”

வீட்டிலும் அதே கதைதான். தட்டில் கையை வைத்த லிஃப்ட் மெக்கானிக் அப்படியே உட்கார்ந்திருந்தார். “ஏம்மா, சாப்பாடு இறங்க மாட்டேங்குது. ஏதாவது பேசேன்.” அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டு கையை விரித்தார். மனிதர் என்ன செய்வார்? அந்த நிசப்தத்தைத் தாங்க முடியாமல் தானே பேச ஆரம்பித்தார். அன்றைக்கு ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டதாம். உள்ளே ஒரு பெரியம்மா தனியாக மாட்டிக்கொண்டார்களாம். பயப்படாமல் இருக்கட்டும் என்று இவர் மேலே இருந்துகொண்டே அவர்களுக்குப் பாட்டுப் பாடினாராம்.

பாட்டா? இவரா? அக்காவுக்குக் கண் விரிந்தது. கேட்க வேண்டும் என்று நாக்கு துடித்தது. கேட்கவில்லை. கேட்காததால் அவர் மேலும் சொன்னார். அந்த வாரம் முழுக்கச் சொன்னார். சின்ன வயதில் பாட்டுக்காரனாக ஆசைப்பட்டதைச் சொன்னார், கல்யாணத்துக்கு முன்னால் அக்காவின் கடை வாசலை வேண்டுமென்றே சுற்றிச் சுற்றி வந்ததைச் சொன்னார். கூடவே வாழ்ந்த மனிதருக்குள் இவ்வளவு இருந்ததை ஒரு நாளும் கேட்டறியாமல் போனோமே என்று அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து கண்ணில் வந்து நின்றது. துடைத்துக்கொண்டு, அவர் தட்டில் இன்னொரு கரண்டி போட்டார்.

சனிக்கிழமை பொழுது சாய்ந்தபோது இருவரும் குடிலுக்குள் இருந்தார்கள். இடது பக்கத்து மரங்கள் ஆய்வாளருக்கு, வலது பக்கம் அக்காவுக்கு. கையில் ஆளுக்கொரு எண்ணும் கருவி. கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் ஓர் எண் கூடும். முதல் வரிசை தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்து வந்தது. அக்காவின் விரல் அழுத்த ஆரம்பித்தது. அடுத்த வரிசை. அதற்கடுத்தது. வந்து இறங்கிய பறவைகள் இடத்துக்கு அடித்துக்கொண்டன, ஒன்றை ஒன்று கொத்தின, குழந்தைகள் மாதிரி முறையிட்டன. ஒவ்வொன்றைப் பற்றியும் அக்காவுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

அப்போதுதான் காலில் ஏதோ ஊர்ந்தது. செவ்வெறும்பு. குடிலின் மூலையில் புற்று இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒன்று கணுக்காலில் கடித்தது. பிறகு ஒரு படையே ஏறியது. முழங்காலுக்குப் பின்னால் கடித்தது. அங்கே கடித்தால் எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். உதறினால் பலகை ஆடும். பலகை ஆடினால் எல்லாம் போயிற்று. ஆய்வாளர் பக்கவாட்டில் பார்த்தார். அக்காவின் முகம் முழுக்க வியர்வை, கன்னத்தில் கண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. கண் மட்டும் மரத்தை விட்டு அகலவில்லை. கட்டைவிரலும் நிற்கவில்லை. ஆய்வாளர் குனிந்து, சத்தமில்லாமல், தன் கையாலேயே அந்த எறும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து நசுக்கினார். தன் பக்கத்து எண்ணிக்கையில் அதற்காக ஒன்றிரண்டு தப்பியிருக்கலாம். அவர் கவலைப்படவில்லை.

வெளிச்சம் மங்கியது. மரங்கள் நிறைந்து, சச்சரவு அடங்கி, தண்ணீர்ப் பரப்பு வெறிச்சென்று ஆனது. ஆய்வாளர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். அக்காவின் தோளைத் தொட்டு, காதருகே, கிட்டத்தட்ட மூச்சாலேயே சொன்னார்: “முடிஞ்சுது, அக்கா. இனிமே நீங்க பேசலாம். திங்கட்கிழமை காலையில முதல் வேலையா நானே பல்கலைக்கழகத்துக்குப் போன் பண்ணி, உங்களைப் பத்தி—”

அக்கா திரும்பவில்லை. இடது கையை உயர்த்தி, உள்ளங்கையை ஆய்வாளரின் வாய்க்கு நேராகப் பிடித்து நிறுத்தினார். தூரத்தில், இருட்டத் தொடங்கிய தண்ணீரின் மேலே, பிந்திப்போன ஒற்றை நீர்க்காகம் தாழப் பறந்து வந்துகொண்டிருந்தது.